ஆவணிக்குள் காயாத சுவர்

அக்கா,

இன்று காலை தளேகாவ் போய், புது வீட்டு முன்னறைச் சுவரில் நேற்று ஒட்டிவைத்த பால் கவரைப் பிரித்துப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக வேர்த்திருந்தது. பூச்சு வேலை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. பார்வைக்கு வெளிறிக் காய்ந்த மாதிரிதான் இருக்கிறது. ஆனால் கவர் பொய் சொல்லாது என்பீர்கள். "மேல காஞ்சிருக்கும் கண்ணு, வவுத்துக்குள்ள தண்ணிய வெச்சிருக்கும்" என்று சுவரை ஏதோ கள்ளத்தனம் பண்ணுகிற ஆள் மாதிரி முறைப்பீர்கள். ஈர சிமெண்ட் வாசனையோடு புளித்த பால் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. அப்படியே மணல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

பெயிண்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "வஹினி, இன்றைக்கே முடிவு சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு சைட்டுக்குப் போய்விடுவேன், அப்புறம் தீபாவளிக்குத்தான் வர முடியும்" என்றார், அண்ணி முறை வைத்து, பாதி இந்தியும் பாதி மராத்தியுமாக. சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்று கும்பிடாத குறையாக அனுப்பிவைத்தேன்.

எனக்கு ஏன் இந்தப் பதைப்பு என்று உங்களுக்குத் தெரியாது. எல்லாம் நீங்கள் போன பிறகு நடந்தது. பங்குனியில் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். நாங்கள் இன்னும் நிக்டியில் அதே மூன்றாவது மாடி வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். லிஃப்ட் கிடையாது. "ஏங்கண்ணு, மருதமலைக்கு வர்ற மாதிரியில்ல இருக்குது" என்று நீங்கள் முந்தானையால் விசிறிக்கொண்டே ஏறி வருவீர்களே, அந்தப் படிதான். இப்போது அவர் இரண்டாவது மாடி தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிப் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். அதனால் செக்கப்புக்குத் தவிர இறங்குவதே இல்லை. நாள் முழுக்க ஜன்னலோரம். கீழே போகிற ஸ்கூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கடைக்குப் போய்த் திரும்பினால், தலை ஜன்னலில் தெரிகிறதா என்று முதலில் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன்.

தளேகாவ் வீடு தரைத்தளம். அங்கே போய்விட்டால் அவர் தானாக வெளியே வரலாம். கோயமுத்தூரிலிருந்து அவருடைய அக்கா ஆவணியில் முகூர்த்தம் குறித்து அனுப்பிவிட்டார். அதற்குள் பெயிண்ட் அடித்துப் பால் காய்ச்ச வேண்டும். சுவரோ காயவில்லை.

இந்தக் கூத்தை நான் இதே தளேகாவில் நீங்கள் கட்டிய வீட்டிலேயே பார்த்தவள்தானே. உங்களுக்கும் ஊரிலிருந்து ஆவணி முகூர்த்தம்தான் வந்தது. "ஆடிக் காத்துல காயாத செவுரா?" என்று ஆடியிலேயே பெயிண்ட் அடித்தீர்கள். நம் ஊர் ஆடி வேறு, தளேகாவ் ஆடி வேறு என்று ஊர்க் காலண்டருக்கு யார் சொல்வது? இங்கே துவைத்துப் போட்ட துண்டே மூன்று நாளைக்குக் காயாது. பால் காய்ச்சுகிற அன்று விடியற்காலை நான் பூக்கூடையோடு வந்து நின்றேன். நீங்கள் ஆசை ஆசையாகப் பார்த்தெடுத்த இளம்பச்சை, சுவர் முழுக்க அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீங்கள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். அப்புறம் பீரோவைத் திறந்து பட்டுச் சேலைகளை எல்லாம் கட்டிலில் அள்ளிப் போட்டு, "அழுதது போதும், கயித்தப் புடி" என்றீர்கள்.

சுவருக்குச் சுவர் கயிறு கட்டிச் சேலைகளைத் தொங்கவிட்டோம். வந்த மராத்திப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். இது தமிழ்நாட்டு வழக்கமா என்று ஒருத்தி கேட்டதற்கு, நீங்கள் கூசாமல் "ஹோ, ஹோ" என்று மராத்தியில் ஆமாம் போட்டுத் தலையாட்டினீர்கள். அவள் தன் வீட்டிலும் செய்யப்போவதாகப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். ராத்திரி சேலைகளைக் கழற்றும்போது, மாம்பழ நிறச் சேலையின் கரையில் பச்சைப் பெயிண்ட் ஒரு செதில் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. "இத நீயே வெச்சுக்க கண்ணு. நாளைக்கு நீ ஊடு கட்டறப்போ செவுத்துக்கு ஆகும்" என்று என் பையில் திணித்தீர்கள். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதற்கப்புறம் உங்களுக்கு வந்ததே பொறுமை, அதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. இளம்பச்சையை எல்லாம் சுரண்டச் சொல்லி, வெறும் சிமெண்ட்டாக விட்டுவிட்டீர்கள். நன்றாகக் காயட்டும், மாசியில் அடித்துக்கொள்ளலாம் என்றீர்கள். அந்த மாசியில் பையனுக்குப் பரீட்சை. அடுத்த மாசியில் ஊரில் கல்யாணம். அதற்கடுத்த மாசிக்கு நீங்களே இல்லை. மார்கழியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. சாயம் பூசாத சுவரில் ஆணி அடித்து உங்கள் படத்தை மாட்டினார்கள். அதைப் பார்க்க முடியாமல் நான் சமையற்கட்டுக்குள் போய் நின்றுகொண்டேன்.

அவசரப்பட்டாலும் கெட்டது, பொறுத்தாலும் கெட்டது. இரண்டையும் நீங்களே செய்து காட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் யாரைப் போய்க் கேட்பேன்? மாசி வரை பொறுத்தால் சுவர் காய்ந்துவிடும், சரி. மாசி வரை இவர்? இந்தக் கேள்வியை வாய்விட்டுச் சொல்லக்கூட எனக்குப் பயம் அக்கா. பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அதே நினைப்பு. இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்தேன்.

மத்தியானம் சாப்பாடு போடும்போது பொறுக்கமாட்டாமல் கொட்டிவிட்டேன். "செவுரு இன்னும் காயலீங்க. இப்ப அடிச்சா உரிஞ்சு போயிரும். அடிக்கலீன்னா பால் காய்ச்சறது மாசிக்குப் போயிரும். நான் என்னதானுங்க பண்றது?"

அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார். "பால எதுல புள்ள காய்ச்சுவ?"

"ஏனுங்க, அடுப்புலதான்."

"அப்பறம் செவுரு எதுக்கு?"

நான் இன்னொரு கரண்டி ரசம் மொண்டேன். அவர் நிமிராமலே சொன்னார். "எனக்கு வாசல்ல ஒரு சேரப் போட்டு உக்காரோணும். செருப்ப மாட்டிட்டு, யாரையும் புடிச்சுக்காம வெளிக்கேட்டு வரைக்கும் நடக்கோணும். செவுரு எந்த நெறத்துல இருந்தா எனக்கென்ன?"

எத்தனை நாளாக இதை மனதில் வைத்திருந்தாரோ. நான் பாட்டுக்குப் பெயிண்ட் கலர் அட்டையை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டி, இதுவா அதுவா என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். சிரிப்பும் அழுகையுமாக வந்தது. ரசத்தைத் தட்டுக்கு வெளியே ஊற்றிவிட்டேன்.

பாத்திரம் கழுவும்போது உங்கள் வீடுதான் கண்ணில் நின்றது. படம் மாட்டிய வீடு இல்லை, அதற்கு முன்னால் இருந்த வீடு. முன்னறையில் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டு பட்டாணி உரிப்பீர்கள். டி.வி. சீரியல் மாமியாரை வாய்க்கு வந்தபடி திட்டுவீர்கள். நீங்கள் சாய்ந்து சாய்ந்து அந்த இடத்தில் சிமெண்ட் வழவழவென்று ஆகிப்போயிருந்தது. ஒரு நாளாவது அந்த வீடு முடியாத வீடு என்று எனக்குத் தோன்றியதா? சாயம் பார்க்காமலே போய்விட்டீர்களே என்று இத்தனை நாள் நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

பெயிண்டருக்குப் போன் செய்து, மாசியில் ஹோலி சமயத்தில் வாருங்கள் என்றேன். பெயிண்ட் இல்லாமல் பூஜையா என்று உச்சுக்கொட்டினார். கோயமுத்தூர் அண்ணிக்கு, அவருடைய அக்காவுக்கு, சொன்னபோதுதான் பெரிய சண்டை. "பெயிண்ட் அடிக்காத ஊட்டுக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொந்தபந்தத்தக் கூப்புடறது?" என்றார். "இருக்கற மூஞ்சிய வெச்சுட்டுத்தானுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அது என் பேச்சே இல்லை, உங்கள் பேச்சு.

பயம் போய்விட்டது என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். அந்த ஈரத்தில் அவருக்குச் சளி பிடித்தால் என்ன செய்வது என்று இப்போதே ஆரம்பித்துவிட்டேன். கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட வேண்டும். ஜன்னலை அடைக்காமல் ஃபேன் ஓடவேண்டும். பால் கவரும் மாசி வரை ஒட்டத்தான் போகிறேன், அதை விடமாட்டேன்.

இப்போது பீரோவைத் திறந்து அந்த மாம்பழ நிறச் சேலையை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். கரையில் உங்கள் இளம்பச்சை அப்படியே இருக்கிறது. நகத்தால் சுரண்டப் போய்க் கையை எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக இதில் பூச்சி விழக்கூடாது, ஈரம் படக்கூடாது என்று துணி சுற்றி, வேப்பிலை போட்டுப் பொத்திப் பொத்தி வைத்திருந்தவள் நான். ஆவணியில் இதை முன்னறைச் சுவரில் கட்டப்போகிறேன். ஈரம் பட்டால் படட்டும் அக்கா.