அத்தானின் விரல்கள்

நவம்பர் 16, ஞாயிறு

லண்டன் ஹரோவில் அக்கா வீடு. சவுத்தாலில் வாங்கிய பழைய கசினோ சூதாட்டச் சில்லுகளைக் காட்டினேன். ஏதோ அமெரிக்கச் சிற்றூரின் பெயர் பொறித்தவை. அங்கே யாரெல்லாம் தோற்றிருப்பார்கள் என்று கதை கட்டிக்கொண்டிருந்தேன். அத்தான் டிவியைப் பார்த்தபடியே சில்லுகளை இரண்டு அடுக்காக்கி, ஒரே கையால் ஒன்றுக்குள் ஒன்று நழுவவிட்டார். ஒன்றுகூடச் சிதறவில்லை.

"எங்கை பழகினீங்கள் அத்தான்?"

"இதென்ன பெரிய வித்தையே? படத்திலை பாத்தது."

"கரம்போட் அடிக்கவே கை நடுங்கிற மனுசன்" என்று அக்கா சிரித்தாள்.

அந்த வித்தையை நான் மாதக்கணக்காகப் பழகுகிறேன். இன்னும் வரவில்லை. அத்தானுக்கு வெள்ளிதோறும் இரவு ஷிப்ட் என்றுதான் அக்கா சொல்வாள்.

வழியனுப்ப வாசல்வரை வந்தவளின் முகத்தில் சிரிப்பில்லை.

"உந்தச் சில்லுகளை இனி இஞ்சை கொண்டுவராதை" என்றாள், மெல்ல.