கேட்பதற்குப் படித்தவளுக்கு

அம்மணி,

சுண்ணாம்பு அடிக்க அட்டாலிப் பரணை ஒழித்தபோது உன் பாடப் புத்தகக் கட்டு இறங்கியது. தபாலில் வந்த காக்கிக் காகித வாசனை இன்னும் போகவில்லை. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகன், உன் வீட்டுக்காரன்தான் எழுதுகிறான்.

மூன்று வருஷம் அந்தக் கட்டுகளைத் தபால்காரரிடம் வாங்கியது நான்தான். உன்னிடம் கொடுக்கும்போதெல்லாம் குத்திப் பேசுவேன்.

"தபால்ல வர்ற படிப்புக்கு வேலையும் தபால்லயே வருமா அம்மணி?"

"பள்ளிக்கோடத்துல, ஆஸ்பத்திரியில இருக்குதுங்க மாமா. மனசொடிஞ்சவங்ககூட உக்காந்திருக்கோணும்."

"பேசறதுக்கா சம்பளம்?"

"பேசறதுக்கு இல்லீங்க மாமா, கேக்கறதுக்கு."

அதைத் தோட்டத்து ஆட்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

நீ பட்டம் வாங்கிய வருஷம்தான் என் சின்ன மகளுக்குக் காங்கேயத்தில் மாப்பிள்ளை பேசினோம். அவர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்த நேரம், துடியலூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் ஒருவர் வாசலில் மொபட்டில் வந்து இறங்கினார்.

"ஏனுங்க, மனோதத்துவம் படிச்சவங்க உங்க ஊட்டுல இருக்காங்கன்னு சொன்னாங்க. தபால்ல படிச்சிருந்தாலும் பரவால்லீங்க. எங்க புள்ளைகளுக்கு அப்படி ஒருத்தர் வேணும். வேலை தயாரா இருக்குது."

மனசுப் படிப்பு என்றதும் இந்த வீட்டில் யாருக்கோ கோளாறு என்று சம்பந்தம் கலைந்துபோகும் எனப் பயந்தேன். கூடத்தில் இருப்பவர்கள் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னேன்: "ஆரோ தப்பாச் சொல்லிப்போட்டாங்க. எங்க ஊட்டுல கிறுக்கும் இல்லை, கிறுக்குக்குப் படிச்சவங்களும் இல்லீங்க."

திரும்பினால் நீ மோர்ச் செம்போடு நிலைப்படியில் நிற்கிறாய். வந்தவருக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாய். குடித்துவிட்டு, "வாரேனுங்க அம்மணி" என்று உன்னிடமே சொல்லிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வேலை உனக்கு. சம்பந்தக்காரர்கள் முன்னால் மாமனாரைப் பொய்யனாக்க உனக்கு மனம் வரவில்லை. அன்று சாயங்காலமே புத்தகங்களைக் கட்டி அட்டாலியில் ஏற்றிவிட்டாய்.

இந்த இடத்தில் உன் வீட்டுக்காரன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "எனக்குத் தெரியாதுங்களே அப்பா" என்றான். அவனிடம்கூட நீ சொல்லவில்லை. எழுந்து வெளியே போனவன் வெகுநேரம் கழித்துத்தான் வந்து உட்கார்ந்தான்.

உன் அத்தை செத்தபின் நான் சோறு இறங்காமல் கட்டுத்தரையில் மாடுகளோடு கிடந்தேனே. தினமும் சாயங்காலம் வந்து கவிழ்த்த வாளிமேல் உட்காருவாய். சாப்பிடச் சொல்லமாட்டாய், ஆறுதலும் சொல்லமாட்டாய். ஒன்பதாம் நாள் நானே வாய் திறந்தேன். கல்யாணமான புதுசில் அவளைக் கைநீட்டி அடித்ததைச் சொன்னேன். கடைசியில் அவள் தண்ணீர் கேட்டபோது தூங்கிப்போனதைச் சொன்னேன். நீ "ம்" என்பாய், அவ்வளவுதான். அதற்கப்புறம்தான் தட்டின்முன் உட்கார்ந்தேன். நீ படித்தது இந்த வேலைக்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

உன்னிடம் எல்லாம் சொன்ன நான், வாசலில் சொன்ன பொய்யைப் பற்றி மட்டும் பேச்செடுக்கவில்லை. தொண்டைவரை வரும், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்துவிடுவேன். போன ஐப்பசியில் காமாலை உன்னைக் கொண்டுபோகும்வரை நேரம் இருந்தது.

உன்னிடம் சொல்ல வேண்டியதை இன்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். என் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருக்கிறான்.