மாமாவின் அணி, மருமகனின் பந்து

ரொக்ஸ்பரோ,
மொன்றியல்.
செப்டெம்பர் 18

அன்பின் அண்ணைக்கு,

தங்கை இமெல்டா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் மச்சாளும் கல்கரியில் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். கடிதத்தைக் கண்டு திடுக்கிட வேண்டாம், ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. வாட்ஸப்பில் போட்டால் நீலக் கோடு விழுகிறது, பதிலைக் காணோம். ஆனால் விளம்பரக் கடதாசியைக்கூட முழுக்க வாசித்துவிட்டுக் குப்பையில் போடுகிற ஆள் நீங்கள். அதனால்தான் பேனையை எடுத்தேன்.

முதலில் உங்கள் மகன். டனிஸ்ரன் நன்றாக இருக்கிறான். மெலியவில்லை என்று மச்சாளுக்குச் சொல்லுங்கள். காலையில் துறைமுகப் பக்கம் களஞ்சிய வேலைக்குப் போகிறான், பின்னேரம் வந்து எங்கள் பேஸ்மென்றில் காலை நீட்டுகிறான், சோறு வாசம் வந்ததும் கூப்பிடாமலே மேலே ஏறி வருகிறான். மீன்குழம்பு என்றால் மாமியைப் புகழ்வான், பருப்பு என்றால் தகப்பனைப் போல முகத்தை நீட்டுவான். நீங்கள் என்னை நம்பி விட்டுப் போன பிள்ளையை நான் ஒரு குறையும் இல்லாமல்தான் வைத்திருக்கிறேன். குறை வைத்தது என்னுடைய மனுசன், இவர்தான். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, பூசை முடிய, பங்கு மண்டபத்தில் வைகறைக் கழகத்தின் கூட்டம். இவரைப் பொது முகாமையாளராக இன்னும் வைத்திருப்பதா, அனுப்புவதா என்று வாக்கெடுப்பு. செயற்குழுவில் பாதிப்பேர் இருக்கட்டும் என்கிறார்கள், பாதிப்பேர் போகட்டும் என்கிறார்கள். மிச்சம் தலைவருடைய வாக்கு. தலைவரோ கல்கரியில் இருந்துகொண்டு செயற்குழு அன்டனுக்குப் போன் எடுத்து, “நான் இதுக்கை தலை போடேல்லை, நான் நடுநிலை” என்று சொல்லிவிட்டாராம். அன்டன் அதைத் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று எல்லோருக்கும் சொன்னான். எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தை மாதா மன்னிக்க வேண்டும். வாக்கு சமமாக நின்றால் பதவி தானாகவே போய்விடும் என்பது நீங்களே உங்கள் கையால் எழுதிய விதி. நடுநிலை என்று சொல்லிக்கொண்டு நீங்கள் இவரை அனுப்புகிறீர்கள். அனுப்பின கை மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

பொது முகாமையாளர் என்ற அந்தப் பெரிய பெயரை வைத்ததும் நீங்கள்தான். மன்னாரில் மட்டையும் பந்துமாய் எல்லே விளையாடின நீங்களும் இவரும் தொலைக்காட்சியில் பேஸ்போலைப் பார்த்துவிட்டு, “இது எங்கட எல்லேதானே, கொஞ்சம் காசு செலவழிச்சு விளையாடுறாங்கள்” என்று தொடங்கின கழகம். களத்தில் நின்று கத்துவது பயிற்றுவிப்பாளரின் வேலை. யாரை அணியில் எடுப்பது, யாரை விடுவது, எந்த மைதானம், இதெல்லாம் இவருடைய தலையில். வென்றால் பெடியங்கள் வென்றார்கள், தோற்றால் தேவதாசன் தோற்றான். இந்த வேலையை ஒரு மனுசன் விரும்பிச் செய்கிறார் என்றால் அவருக்கு எங்கேயோ ஒரு நட்டுக் கழன்றிருக்க வேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவும் செய்தார். மைதானத்துக்காக நகரசபைக்காரரோடு தன்னுடைய அரைகுறைப் பிரெஞ்சில் மல்லுக்கட்டி, பனி கரைய முன்னமே இடம் பிடித்து வைப்பார். இரண்டாவது தளத்தில் நின்று பந்து பிடிக்கக் கஜந்தினியைக் கொண்டுவந்தபோது தகப்பன்மார் எல்லோரும் முகத்தைச் சுழித்தார்கள். பொம்பிளைப் பிள்ளை, பந்து பட்டால் யார் பதில் சொல்வது என்றார்கள். இவர் அசையவில்லை. “பந்துக்கு ஆம்பிளை பொம்பிளை தெரியாது, அவளுக்குப் பந்து தெரியும்” என்று முகத்துக்கு நேரே சொன்னார். இப்போது அவளைத் தாண்டி ஒரு பந்து போகட்டும் பார்க்கலாம். எனக்கு அன்றைக்கு இவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

மற்றவன் பிள்ளை என்றால் இப்படிச் சிங்கம். சொந்தப் பிள்ளை என்றால் எலி.

மே மாதம் நடந்ததை நீங்கள் அரைகுறையாகத்தான் கேட்டிருப்பீர்கள். பூசை முடிந்து வெளியில் நிற்கும்போது அன்டன் சிரித்துக்கொண்டே ஒரு கதை விட்டான். “வைகறை எண்டால் என்ன? மாமான்ர அணி, மருமகன்ர பந்து.” அவ்வளவுதான். தன்னுடைய மகன் ஷெரோன் பந்து எறிய வேண்டும் என்பது அவனுக்கு ஆசை, டனிஸ்ரன் இருக்கும்வரை அது நடக்காது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார். அந்தக் கிழமையே டனிஸ்ரனை அணியிலிருந்து விடுவித்துவிட்டார். அதைப் பிள்ளையிடம் நேரே சொல்லவும் இல்லை, அண்ணை. ஒரே மேசையில் இருந்து சாப்பிடுகிறவன், எல்லோருக்கும் போகிற மின்னஞ்சலில் தன்னுடைய பெயர் இல்லாததைப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். கையில் அகப்பை இருந்தது, அதையும் காட்டித்தான் கேட்டேன். “நாளைக்கு ஒருத்தரும் மச்சான்ர பெடியனைத் தூக்கி வைச்சிருக்கிறன் எண்டு சொல்லக்கூடாது” என்றார். பிள்ளையின் கையைப் பார்க்காமல் ஊரின் வாயைப் பார்த்திருக்கிறார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா? இவர் தன்னுடைய மருமகனைப் பிடித்து அந்த வாய்க்குள் அடைத்துப் பார்த்தார். அது மூடவில்லை.

டனிஸ்ரன் லவால் அணிக்குப் போனான். அவர்கள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். கோடை முழுக்க எங்கள் வீட்டில் இரண்டு அணி. சனிக்கிழமை காலையில் ஒரே வாசலால் இரண்டு பேரும் இறங்குவார்கள், ஒருவர் வெள்ளைச் சேட்டு, மற்றவன் சிவப்புச் சேட்டு. நான் இரண்டு பேருக்கும் பாண் கட்டிக் கொடுப்பேன். ஒரு நாள் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக உடுப்பு மெசினுக்குள் போட்டுவிட்டேன். லவாலின் சிவப்பு இறங்கி இவருடைய வெள்ளை நல்ல ரோசாப்பூ நிறமாகிவிட்டது. வேறு சேட்டு இல்லாமல் இறுதி ஆட்டத்துக்கு அதையே போட்டுக்கொண்டு போனார். முகாமையாளர் பாதி லவால் என்று அன்டன் அதற்கும் கதை கட்டினான்.

இறுதி ஆட்டம் உங்களுக்குத் தெரியும். வைகறையும் லவாலும். எங்களுக்கு ஷெரோன் எறிந்தான், பாவம், அந்தப் பிள்ளையில் பிழை இல்லை, கை பழகவில்லை. அந்தப் பக்கம் உங்கள் மகன் எறிந்தான். அண்ணை, நான் பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவள், ஆனாலும் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. கடைசியில் ஷெரோனே மட்டையோடு வந்து மூன்று பந்துக்கும் காற்றில்தான் வீசினான், நாங்கள் தோற்றோம். நான் கைதட்டுவதா, தலையில் கைவைப்பதா என்று தெரியாமல் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அன்டன்தான் முன்னுக்கு நின்று, இவ்வளவு கெட்டிக்காரப் பெடியனை ஏன் அனுப்பினாய், உனக்குத் தகுதியில்லை என்கிறான். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிறது என்பார்களே, அதுதான். ஆனால் அன்டன் சொல்வதால் அது பொய்யாகிவிடாது. அந்தக் கேள்வி சரியான கேள்வி.

அன்றைக்குப் பின்னேரம் டனிஸ்ரன் வெறுங்கையோடு வீட்டுக்குள் வந்தான். சிறந்த ஆட்டக்காரன் என்று கிண்ணம் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். எங்கே என்று கேட்டால், “காருக்குள்ள கிடக்கு மாமி, இருக்கட்டும்” என்றான். மாமா இருக்கிற வீட்டுக்குள் அதைக் கொண்டுவர அவனுக்கு மனம் வரவில்லை. இவர் அதைக் கேட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். பிறகு எழும்பி, சாவியை எடுத்துக்கொண்டு வெளியில் போனார். கிண்ணத்தைக் கொண்டுவந்து தன்னுடைய ரோசாப்பூச் சேட்டால் துடைத்து, மாதா சுருவத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நான் குசினிக்குள் போய் நன்றாக அழுதேன்.

ஆனால் அழுகை வேறு, பதவி வேறு. கண்ணீர் விட்டவனுக்கெல்லாம் பதவி கொடுக்க முடியாது. நானும் இரண்டு கிழமையாக யோசிக்கிறேன். ஓடித் திரிந்தார், மைதானம் எடுத்தார் என்பதற்காக ஒருவரை வைத்திருக்க வேண்டுமா? அது நேற்றைய சோறு. ஒரு ஆட்டம் தோற்றதற்காக அனுப்ப வேண்டுமா? அப்படியென்றால் உலகத்தில் ஒரு முகாமையாளரும் மிஞ்ச மாட்டார். எனக்கு ஒன்றுதான் கேள்வி. இனி அணிக்கு ஆள் தெரிந்தெடுக்கும்போது இவர் எதைப் பார்ப்பார்? கையையா, வாயையா?

இதைக் கேட்டு இவருடைய உயிரை எடுத்தேன். அடுத்த வருசம் டனிஸ்ரனைத் திரும்பக் கூப்பிடுவீர்களா என்றேன். “அவன் கேட்டால் யோசிப்பன்” என்றார். எனக்கு வந்ததே விசர். அவன் ஏன் கேட்க வேண்டும், நீங்கள் அல்லவா போய்க் கேட்க வேண்டும் என்று சத்தம் போட்டேன். மூன்று நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்துவிட்டு, போன ஞாயிறு பேஸ்மென்றுக்கு இறங்கிப் போனார். நான் படிக்கட்டுக்கு மேலே வெங்காயம் உரிக்கிற மாதிரி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். “நான் செய்தது பிழை தம்பி, திரும்பி வாறியோ” என்றார். உங்கள் மகன், “இல்லை மாமா, அடுத்த வருசமும் லவாலுக்குத்தான். அவை என்னை நம்பினவை. என்னை விட்டதுகூடப் பரவாயில்லை, நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கோணும்” என்றான். இவர் மேலே வந்து தண்ணி குடித்துவிட்டு, “அவன் சரியாத்தான் சொல்லுறான்” என்றார். அவ்வளவுதான், வேறு சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை.

என்னைக் கேட்டால் அந்த மனுசனை வைத்திருக்கலாம். டனிஸ்ரன் சொன்னது சரியென்று ஒத்துக்கொண்ட இந்தத் தலைக்கு இனி அணிக்கு ஆள் தெரிந்தெடுக்கத் தெரியும் என்று நினைக்கிறேன். ஆனால் நான் பெண்சாதி, என்னுடைய சொல்லைத் தள்ளி வையுங்கள். உங்களை இவரைக் காப்பாற்றச் சொல்லி நான் எழுதவில்லை.

உங்களுக்கும் ஊர் வாய்க்குப் பயப்படுகிற இதே வருத்தம்தான் அண்ணை. என் மகள் ஜெயனி சின்னப்பிள்ளையாய் இருந்தபோது பேச்சுப்போட்டிக்கு நீங்கள் நடுவர். மண்டபமே அவளுக்குத்தான் முதல் பரிசு என்றது, நீங்கள் மூன்றாவது கொடுத்தீர்கள். கேட்டதற்கு, “தங்கச்சியின்ர பிள்ளை எண்டு கதைப்பினம்” என்றீர்கள். அவள் ஒட்டாவாவில் பெரிய வேலையில் இருக்கிறாள், இன்றைக்கும் உங்களுக்கு மூன்றாவது மாமா என்றுதான் பெயர். இப்போதும் அதேதான். இவரை அனுப்பினால் மகனுக்காகப் பழி வாங்கினான் என்பார்கள், வைத்தால் தங்கச்சிக்காக விட்டான் என்பார்கள். அதற்குப் பயந்து மதில்மேல் பூனையாக இருக்கப் பார்க்கிறீர்கள். இவர் உங்கள் மகனுக்குச் செய்ததையே நீங்கள் இவருக்குச் செய்யப் போகிறீர்கள். நேரே சொல்லாமல், பெயர் இல்லாமல் போகிற மாதிரி.

அப்படிச் செய்ய வேண்டாம். தகுதி இல்லை என்று நினைத்தால் இல்லை என்று சொல்லுங்கள். நான் கோபிக்க மாட்டேன். இரண்டு நாள் கோபிப்பேன், பிறகு சரியாகிவிடும். இவரும் தாங்குவார். ஆனால் உங்கள் வாயால் சொல்ல வேண்டும், இவர் காது கேட்கச் சொல்ல வேண்டும். முன்பு ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் போன் எடுத்து, அவனை ஏன் எடுத்தாய், இவனை ஏன் விட்டாய் என்று இவரோடு சண்டை பிடிப்பீர்களே. மே மாதத்துக்குப் பிறகு அது நின்றுவிட்டது. இவர் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட இருக்கிறார். அடித்தால் பாய்ந்து எடுக்கிறார். வேறு யாரும் என்றால் என்னிடம் நீட்டிவிட்டு, கறி ஆறிவிட்டது என்கிறார்.

அண்ணை, வாக்கை எப்படிப் போட்டாலும், போட்டுவிட்டு ஒரு போன் எடுங்கள். எனக்கு வேண்டாம். இவருக்கு எடுங்கள்.

மடு மாதா உங்களையும் மச்சாளையும் தன் கைக்குள் வைத்திருக்கட்டும்.

என்றும் உங்கள் அன்புத் தங்கை,
இமெல்டா

பி.கு.: கடிதம் எழுதுவது டனிஸ்ரனுக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். என்ன எழுதினாய் என்று கேட்கவில்லை. உறையை வாங்கி, உங்கள் விலாசம் சரியா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, முத்திரையைத் தானே ஒட்டினார்.