அம்மா சொல்வதற்கு முன் கார் விஷயம்

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறோம், வீடும் நின்ற இடத்திலேயே நிற்கிறது, இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை நீ பதறாமல் படிப்பாய். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குட்டிக்கு முன்பல் ஆடுகிறது என்றாயே, விழுந்துவிட்டதா, தானாக விழட்டும், நூல் கட்டி இழுக்கும் வேலையெல்லாம் மாப்பிள்ளை வைத்துக்கொள்ள வேண்டாம், இது எதிர்வீட்டுப் பல் டாக்டரிடம் கேட்டுவிட்டே எழுதுவது. பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது எல்லார் வீட்டுத் தூசியும் அவளுக்குத் தெரிகிறதாம். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் அம்மாவிடம் இருக்கிறது. அவள் சொன்னால் நம் கார் விஷயம் நாலு வார்த்தையில் முடிந்துவிடும், அந்த நாலும் என்னைப் பற்றியதாகத்தான் இருக்கும், அதனால் நடந்தது நடந்தபடி என் கையாலேயே எழுதுகிறேன்.

இரண்டரை மாதத்துக்கு முன்னால் கார் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் உட்கார்ந்து புரூஃப் பார்த்தவன் நான், எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் கண் முதலில் பிழைக்குத்தான் போகும், அது என் குற்றமில்லை. முதல் வரியிலேயே ‘வாடிகையாளர்’ என்று இருந்தது. அடுத்த வரியில் ‘தீ விபத்து’ என்று வர வேண்டிய இடத்தில் ‘தி விபத்து’. இவ்வளவு பெரிய கம்பெனி இப்படி ஒரு கடிதம் அனுப்பாது, எவனோ ஏமாற்றுக்காரன் வேலை என்று முடிவு செய்து, சிவப்புப் பேனாவால் ஏழு இடத்தில் திருத்திப் பழைய பேப்பர் கட்டில் போட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அலமாரித் தட்டில் விரிப்பதற்காக அம்மா அதை எடுத்திருக்கிறாள். அவள் பிழையைப் பார்க்கவில்லை, விஷயத்தைப் பார்த்துவிட்டாள். நம் மாடல் கார்களில் பிரேக் எண்ணெய் கசிந்து பக்கத்திலிருக்கும் மின்சாரப் பெட்டிக்குள் இறங்கலாமாம், இறங்கினால் சும்மா நிற்கிற வண்டிகூடத் தீப்பிடிக்கலாமாம், அந்தப் பாகத்தை இலவசமாக மாற்றித் தருவார்களாம், ஆனால் பாகம் வந்து சேர எட்டு வாரம் ஆகும், அதுவரை வண்டியை வீட்டை ஒட்டி நிறுத்தாதீர்கள் என்று எழுதியிருந்தது. அம்மா உடனே கம்பெனிக்குப் போன் போட்டாள். கடிதம் எங்களுடையதுதான் என்று அங்கே ஒரு பெண் சொல்லச் சொல்ல இவள் என்னையே பார்த்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

நம் கார் ஷெட்டுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரே சுவர்தான், அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் கேஸ் சிலிண்டர் இருக்கிறது, அது உனக்குத் தெரியும். அன்றைக்கே வண்டி வெளியே போக வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. வாசலில் தெருவோரமாக நிறுத்தினேன். பல் டாக்டர் வந்து, ஏற்கெனவே பயந்துகொண்டு வருகிற ஜனங்கள் எதிரே இதையும் பார்த்தால் திரும்பிப் போய்விடுவார்கள், தயவுசெய்து என் கேட்டுக்கு எதிரே மட்டும் வேண்டாம் என்றார். நாலு வீடு தள்ளி நிறுத்தினால் தையல்கடைக்காரர் வந்து, கடை முழுக்கத் துணி சார் என்று நாலே வார்த்தை சொன்னார். கடைசியில் தெருமுனையில் சும்மா கிடக்கும் காலி மனையில் கொண்டுபோய் விட்டேன். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஆளைப் பார்க்கப் போவதுபோல காலையும் மாலையும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டு வருவேன். நம் மெக்கானிக் பாட்டரி வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள் சார், நிம்மதியாகத் தூங்கலாம் என்றார். கழற்றினால் ரேடியோவில் நான் தேடித் தேடிப் பதிந்து வைத்திருக்கும் ஸ்டேஷன் எல்லாம் அழிந்துவிடும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

ஆறு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஏழாவது வாரம் அம்மா பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்த அன்று மத்தியானம் பிடித்தது பார் ஒரு மழை. காலி மனையில் தண்ணீர் ஏறி டயர் பாதி முழுகிவிட்டது என்று தையல்கடைக்காரர் வந்து சொன்னார். மழையில் கெட்டுப்போனால் கம்பெனிக்காரன் பொறுப்பேற்பானா, மழை விடுகிற வரைக்கும்தானே, ஒரு மணி நேரம்தானே என்று நினைத்து, குடையைப் பிடித்துக்கொண்டு போய் ஓட்டிவந்து, எப்போதும் போலப் பின்பக்கமாக ஷெட்டுக்குள் விட்டேன். நல்லபடியாகத் துடைத்தேன். பிறகு சாப்பிட்டேன். சாப்பிட்டால் எனக்குக் கண் சொக்கும் என்பது உனக்குத் தெரியாததா.

தூக்கத்தில் ஏதோ கருகும் வாசனை வந்தது. அம்மா அடுப்பில் எதையோ மறந்துவிட்டாள், நல்லது, இன்றைக்கு நாம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று சந்தோஷமாகப் புரண்டு படுத்தேன். அம்மா வீட்டிலேயே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. பனியனோடு ஓடினேன். பானெட்டின் இரண்டு பக்கமும் புகை நூல் நூலாக வந்துகொண்டிருந்தது. என் சத்தம் கேட்டுப் பல் டாக்டர் கையுறையோடு ஓடிவந்தார், அவருக்குப் பின்னால் அவருடைய நர்ஸம்மா, அவருக்கும் பின்னால் கழுத்தில் துண்டு கட்டியபடி, ஒரு பக்கக் கன்னம் வீங்கினாற்போல ஒரு பேஷண்ட், பல் பிடுங்குவதற்காக மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்களாம். நர்ஸம்மா கேட்டுக்கொண்டெல்லாம் நிற்கவில்லை, நேரே சமையலறைக்குள் போய் சிலிண்டரை மூடிவிட்டு, தீயணைப்புக்கும் அவரே போன் செய்துவிட்டார். அந்த அம்மாளுக்கு நாம் என்ன செய்தாலும் தகும். நான் கதவைத் திறந்து கியரை நியூட்ரலுக்கு மாற்றினேன், அதில் ஒரு தவறும் இல்லை. நான் ஒரு பக்கமும் டாக்டர் ஒரு பக்கமும் கதவோரம் பிடித்துக்கொள்ள, பேஷண்ட் சுவருக்கும் டிக்கிக்கும் நடுவே நுழைந்துகொள்ள, மூன்று பேரும் தம் பிடித்துத் தள்ளினோம். வண்டி அசையவில்லை. புகை இப்போது கறுப்பாகிவிட்டது. அந்த மனிதர் பின்னாலிருந்து, “ஆங் ஏக்கு, ஆங் ஏக்கு” என்று கத்துகிறார். ஊசி போட்ட வாய், எனக்கு ஒன்றும் புரியவில்லை, வலிக்கிறதோ என்று நினைத்து, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் இன்னும் கோபமாக அதையே சொன்னார். மரத்துப்போன வாய் பேசுவது புரிகிற ஒரே மனிதர் இந்தத் தெருவிலேயே டாக்டர்தான். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, மெதுவாக, “ஹேண்ட் பிரேக் போட்டிருக்குன்னு சொல்றார் சார்” என்றார்.

எடுத்துவிட்டேன். அடுத்த நொடி வண்டி நாங்கள் தள்ளுவதற்குக்கூடக் காத்திருக்காமல் சரிவில் இறங்கி, தெருவைக் கடந்து, டாக்டர் மாடி கட்டுவதற்காகக் கொட்டி வைத்திருந்த மணல் குவியலில் மூக்கைச் செருகி நின்றது. எந்த இடத்தில் வேண்டாம் என்று கைகூப்பிச் சொன்னாரோ அங்கேதான். நின்ற பிறகுதான் பற்றி எரிந்தது. தீயணைப்பு வண்டி வருவதற்குள் முன்பக்கம் முழுக்கப் போய்விட்டது, ரேடியோவும் போய்விட்டது. டாக்டர் பேஷண்டின் பல்லைப் பிடுங்க உள்ளே போய்விட்டார், மரப்பு போவதற்குள் முடிக்க வேண்டுமே. தீயணைப்பு அதிகாரி வயதில் உன்னைவிடச் சின்னவர், என்னைச் சுவரோரம் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, புகை வருகிற வண்டியை யாராவது தொடுவார்களா என்று கேட்டார். “வண்டியும் வீடும் அப்புறம் சார். முதல்ல நீங்க வெளிய வந்து நின்னிருக்கணும். இன்னும் பத்து நிமிஷம் தூங்கியிருந்தீங்கன்னா நான் வேற மாதிரி பேசிட்டு இருப்பேன்” என்றார். கண்ணு, அந்தப் பத்து நிமிஷம் இப்போதும் சில சமயம் நினைவுக்கு வருகிறது.

அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், பனியனை முகர்ந்து பார்த்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து ஒன்பது நாள் என்னோடு பேச்சு கிடையாது. சாப்பாடு மட்டும் வரும், தட்டு மேஜையில் உட்காரும் சத்தத்தை வைத்து அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொள்வேன். நாலாவது நாள் கம்பெனியிலிருந்து போன், நல்ல மரியாதையான பெண், உங்கள் பாகம் வந்துவிட்டது சார், வண்டியை எப்போது கொண்டுவருவீர்கள் என்று கேட்டாள். கொண்டுவருவது கொஞ்சம் சிரமம்மா என்றேன். அம்மா அடுத்த அறையில் ஏதோ இருமினாள், அது இருமல்தானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். கம்பெனிக்காரர்களும் இன்ஷூரன்ஸ்காரரும் வந்து படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஷெட்டுக்குள் ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள், உள்ளதை உள்ளபடியே எழுதிக் கொடுத்துவிட்டேன், ஒரு பிழைகூட இல்லாமல். கிடைப்பது கிடைக்கட்டும்.

பத்தாவது நாள் பெரியம்மாவுக்குக் கட்டு அவிழ்க்கிறார்கள் என்று இருவரும் பஸ்ஸில் போனோம். எத்தனையோ வருஷம் கழித்து பஸ். அம்மாவை ஜன்னலோரம் உட்காரச் சொன்னேன், அவள் என்னை உள்ளே தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காரில் போகும்போதெல்லாம் என் கண் ரோட்டில் இருக்கும், அவள் பேசுவதற்கு நான் கண்ணாடியைப் பார்த்துத்தான் ம் கொட்டுவேன், இப்போது செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று ஸ்டாப் போயிருக்கும். முன்சீட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: “தெரு திரும்பினதும் புகையும் கூட்டமும்தான் தெரிஞ்சது. அத்தனை தலைக்கு நடுவுல உங்க வழுக்கையத் தேடினேன். அது தெரிஞ்ச பிறகுதான் எரியிறது காருன்னே பாத்தேன்.” சரி என்று மட்டும் சொன்னேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பை இருவரும் விட்டுவிட்டோம், திரும்பி நடந்தே போனோம், அவள் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள், ஒன்பது நாள் பாக்கியையும் சேர்த்து, கேட்க நன்றாக இருந்தது.

நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடும் நல்ல சுகத்தோடும் இருக்க வேண்டும். குட்டிக்கு எங்கள் இருவரின் முத்தம். உன் கார் எந்த வருஷத்தது என்று எனக்குத் தெரியாது, நாளைக்கே அதன் கம்பெனியில் வண்டி நம்பரைச் சொல்லிக் கேட்டுவிடு, மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார் என்று விடாதே, நீயே கேள், கேட்டதும் எங்களுக்கு ஒரு வார்த்தை தெரிவி.

என்றும் உன் நினைவாக,
அப்பா