கழுவாத தகடு

டிஜோன்,
1847 மார்ச் 2

என் அன்புக்குரிய பர்னபேக்கு,

நான் இங்கே நலம். அப்படித்தானே எழுத வேண்டும்? என் கையெழுத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். அக்கா வீட்டுக்கு வந்து ஆறு மாதமாகியும் நடுக்கம் குறையவில்லை. போன வாரம் இன்னொரு பல் ரொட்டியோடு வந்துவிட்டது. அக்கா ஃபிலிபேர்த் எனக்குக் கோப்பையில் பாதிதான் சூப் ஊற்றுகிறாள். ஆறு வருடம் உங்கள் பாதரசப் பெட்டிக்கு விளக்கேற்றி, அந்த ஆவியில் குனிந்து நின்று, வெற்று வெள்ளித் தகட்டிலிருந்து பாரிஸ்காரர்களின் முகங்களைப் படமாக வரவழைத்தவள் நான். அதற்குக் கிடைத்த சன்மானம் இதுதானா என்று அக்கா உங்களைத் திட்டுகிறாள். நான் திட்டவில்லை.

எனக்கு ஒரே ஓர் ஆசை. உர்சூலின் படம் ஒன்று வேண்டும். நோட்டரி வீட்டு நாயைக்கூட எடுத்தோம், நம் பெண்ணை எடுக்கவில்லை. ‘அது ஓரிடத்துல நிக்குமா? தகடுதான் வீணாப் போகும்’ என்று நீங்கள் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தீர்கள். இப்போது ஐந்து வயது முடிந்துவிட்டது, முப்பது எண்ணும்வரை நிற்பாள். தலை ஆடாமலிருக்கக் கழுத்துக்குப் பின்னால் வைக்கும் இரும்புப் பிடியை மட்டும் இறுக்காதீர்கள், அவளுக்குக் கூச்சம் அதிகம்.

சட்டப்படி பிள்ளை உங்களுடையது. நான் சண்டைக்கு வரவில்லை. அவள் முகம் மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். நேற்று அவள் புருவத்தை நினைத்துப் பார்த்தேன், வரவில்லை.

உங்கள்
செலி


பாரிஸ்,
1847 மார்ச் 19

அருமை செலி,

உன் கடிதம் கிடைத்தது. கோழி கிளறின மாதிரி இருந்தது. எர்மான்ஸ்தான் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினாள். உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண். அவள் கை கல்லில் வைத்தது போல அசையாமல் நிற்கிறது. உன் காலத்தில் ஒரு சீமாட்டி, ‘ஐயோ, அந்தம்மா கையைப் பாத்தா எனக்கே ஆட்டம் வருது’ என்று நாற்காலியை விட்டு எழுந்து போனாளே, நினைவிருக்கிறதா? நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

நீ கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன்? செவ்வாய்க்கிழமை வெயில் வந்ததும் உர்சூலை மாடியில் உட்கார வைத்தேன். ‘அம்மாவுக்கு அனுப்பறதுக்கு. ஆடாம இருடி’ என்றேன். ‘எந்த அம்மாவுக்கு?’ என்று கேட்டாள். குழந்தைகள் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். நீ மனசில் வைத்துக்கொள்ளாதே.

படம் இத்துடன் வருகிறது. அலமாரியில் பூட்டி வைக்காமல், நல்ல வெளிச்சத்தில், ஜன்னலோரமாக வைத்து ஆசை தீரப் பார். இங்கே வருவதைப் பற்றி மட்டும் இனி எழுத வேண்டாம்.

உன் நலம் நாடும்
பர்னபே


டிஜோன்,
1847 ஏப்ரல் 18

அன்புள்ள பர்னபேக்கு,

படம் வந்தது. நீங்கள் சொன்னபடியே ஜன்னலுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். புருவத்தைப் பார்த்தேன், உதட்டைப் பார்த்தேன். நான்கு எண்ணியிருக்க மாட்டேன், தகட்டின் மேல் மஞ்சள் பூத்திருப்பது கண்ணில் பட்டது. சட்டென்று கவிழ்த்து மடியில் வைத்து மூடிவிட்டேன். அக்கா பதறிப்போய், ‘என்னடி, பாம்பைக் கண்டாப்பல மூடறே?’ என்று கேட்டாள்.

அது கழுவாத தகடு, வெளிச்சம் படப்படக் கறுத்துப்போகும். மருந்துத் தண்ணீரில் முக்காமல் அப்படியே கண்ணாடி போட்டு ஒட்டியிருக்கிறது. இன்னொருத்தியாக இருந்தால் நாளெல்லாம் ஜன்னலில் வைத்துக் கொஞ்சி, பிள்ளை முகம் கறுத்து மங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். எர்மான்ஸ் புதியவள், மறந்துவிட்டாள் போலிருக்கிறது. அவளைக் கோபிக்க வேண்டாம்.

கறுப்புத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் அலமாரிக்குள் தலையை விட்டு, ஒரு மெழுகுவர்த்தியை எட்டப் பிடித்துக்கொண்டு, பத்து எண்ணும்வரை பார்ப்பேன். இதுவரை மூன்று முறை. மெழுகுவர்த்தி வெளிச்சமும் படத்தைத் தின்னத்தான் செய்கிறது. ஓரமெல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. முகத்துக்கு இன்னும் வரவில்லை. இன்று பார்க்கவில்லை.

கழுவும் மருந்து இந்த ஊரில் எந்தக் கடையிலும் கிடையாது. மருந்து வந்து சேராத முதல் மாதங்களில் நாம் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் கழுவினோமே, அதைச் செய்யலாம் என்று தண்ணீரைக்கூட அடுப்பில் வைத்தேன். கண்ணாடியை எடுத்தபின் விரல் பட்டால் பட்ட இடம் போய்விடும். என் கையைப் பார்த்தேன். அடுப்பை அணைத்துவிட்டேன்.

அதனால் தகட்டை மெழுகு வைத்து அடைத்து, அத்தான் காஸ்பாரின் வண்டியில் உங்களுக்கே அனுப்புகிறேன். ஒரு நிமிட வேலை. கழுவி அனுப்புங்கள். என் பிள்ளையை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

செலி


பாரிஸ்,
1847 மே 9

அருமை செலி,

உன் அத்தான் வந்து கொடுத்தார். ‘கண்ணு மாதிரி கொண்டாந்திருக்கேன் சார், வழியில எங்கேயும் இறக்கி வைக்கல’ என்றார். நல்ல மனிதர். ஒயின் கொடுத்து அனுப்பினேன்.

எர்மான்ஸ் மீது வீண்பழி போடாதே. அவள் எதையும் மறப்பவள் அல்ல. நான்தான் கழுவ வேண்டாம் என்றேன். கொஞ்ச நாள் பார்ப்பாய், மங்கும், நீயும் பழகிவிடுவாய் என்று உன் நன்மைக்காகவே செய்தேன். நீ அதை அலமாரியில் பொத்திப் பொத்தி வைத்திருந்ததைப் படித்தபோது எங்கள் இருவருக்கும் சங்கடமாகிவிட்டது.

முகம் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் தேய்த்து அழித்துவிட்டேன். வெள்ளி நல்ல வெள்ளி. அதே தகட்டில் புதிதாக ஒன்று எடுத்திருக்கிறேன். முறையாகக் கழுவி, தங்க நீர் ஊற்றிச் சூடுகாட்டியது. நூறு வருடம் ஜன்னலில் வைத்தாலும் அசையாது.

உர்சூல் தனியாக உட்கார மாட்டேன் என்று அடம் பிடித்தாள். அதனால் எர்மான்ஸின் மடியில் உட்கார்ந்து, கன்னத்தோடு கன்னம் வைத்திருக்கிறாள். இந்த முறை இரும்புப் பிடியே தேவைப்படவில்லை. அவ்வளவு அமைதி. பார்த்துச் சந்தோஷப்படு.

பர்னபே


டிஜோன்,
1847 ஜூன் 1

பர்னபே அவர்களுக்கு,

அருமையான வேலை. கண் இமையைக்கூட எண்ணலாம். பிள்ளை கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், முன்னால் ஒரு பல் விழுந்திருக்கிறது. எழுதவே இல்லையே.

ஒன்பது நாள் ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். ‘அவ மூஞ்சிய ஒரு காயிதம் ஒட்டி மறைச்சுட்டுப் பிள்ளைய மட்டும் பாரேன்டி’ என்றாள் அக்கா. ஒட்டினேன். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. உர்சூல் படப்பெட்டியின் கண்ணாடிக் குழாயைப் பார்க்கவில்லை. கண்ணை ஓரமாகத் திருப்பி எர்மான்ஸைத்தான் பார்க்கிறாள். காகிதத்துக்குப் பின்னால் இருப்பவளைப் பார்த்துச் சிரிக்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க மறைக்க இன்னும் எரிந்தது.

பத்தாம் நாள் கண்ணாடியைப் பிரித்தேன். பஞ்சை விரலில் சுற்றினேன். அவளை மட்டும் எடுத்துவிட வேண்டும் என்றுதான். தங்க நீர் ஊற்றிய படம் லேசில் போகவில்லை, அழுத்த வேண்டியிருந்தது. நெற்றி போனது, கண் போனது, சந்தோஷமாக இருந்தது. கன்னத்துக்கு வந்தபோது இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையும் சேர்ந்து ஆடின. ஒரே இழுப்பு.

உர்சூலின் காதும், அந்தப் பக்கத்துச் சடையும் இருக்கின்றன. முகம் இருந்த இடத்தில் வெள்ளி பளபளவென்று இருக்கிறது. குனிந்தால் என் முகம் தெரிகிறது.

‘இன்னொண்ணு கேட்டு எழுதேன், பெத்தவதானே நீ’ என்கிறாள் அக்கா. எழுத மாட்டேன். கேட்டால் நீங்கள் அனுப்பிவிடுவீர்கள்.

செலி