கேசவனுக்குத் தூக்கம் இல்லை

1986, மாசி, புதன்கிழமை.

எதிர் வீட்டு கேசவன் மருந்து கேட்டு வந்தான். என் கிணத்தடியில இருந்த ஒத்தைக் கஞ்சாச் செடியைப் பத்தி போன மாசம் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தவன் இவன்தான். மலை சுத்த வந்த ஜனமெல்லாம் பார்க்க, போலீஸ் அதை வேரோட பிடுங்கி எடுத்துட்டுப் போச்சு. இந்தப் படுபாவி வாசல்ல நின்னு வேடிக்கை பார்த்தான்.

இன்னிக்கு அவன் கண்ணு ரெண்டும் ரத்தமா சிவந்திருக்கு. "அண்ணே, நீங்க குடுக்கற லேகியம் தீர்ந்துபோச்சு. நாலு நாளா பொட்டுத் தூக்கம் இல்லீங்க."

மூணு வருஷமா சாப்பிடறான். அந்தச் செடியோட இலையைத்தான் பச்சை போற வரைக்கும் அலசி, பால்ல வேக வெச்சு அதுல சேர்க்கறேன். மருந்துல என்ன இருக்குன்னு நோயாளிகிட்ட சொல்ற வழக்கம் எங்க வைத்தியத்துல இல்ல. இன்னிக்கும் சொல்லலை.

"ஒரு மூலிகை கிடைக்கலப்பா"ன்னேன்.

"எங்க இருக்குன்னு சொல்லுங்கண்ணே, நானே போய்ப் பறிச்சுட்டு வரேன்"னு கெஞ்சினான்.

சிரிப்பை அடக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

ஜாடியில கடைசியா ஒரு உருண்டை இருந்துச்சு. இப்போதான் வாயில போட்டுக்கிட்டேன். எதிர் வீட்டுல இன்னும் விளக்கு எரியுது. எனக்குக் கண்ணு சொக்குது.