இரவல் குரல்

பிப்ரவரி 9

அன்புள்ள மைக்செட்டுக்கு,

உன் குடைச்சல் எழுதுகிறேன். இருமலைத் தவிர நான் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "வண்டி சரியான நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது" என்று அறிவிப்பு வாசிப்பாய். அதனால் கேட்கவில்லை.

சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் ஆவணப்படம் டிவியில் வரப்போகிறது! மார்ச் இரண்டாவது ஞாயிறு, சாயங்காலம், வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும் நேரம். வெளிநாட்டு விழாக்களில் நாலு பேர் பார்ப்பார்கள், அதோடு சரி என்றுதானே நினைத்திருந்தோம்? முதியோர் இல்லத்துக் கேட்டைத் தாண்ட அனுமதி கிடைக்காத அந்தப் பெரியவர், தனக்கு வரும் கடிதங்களை வார்டன் பிரித்துப் படித்த பிறகே வாங்கிக்கொள்ளும் விடுதிப் பெண், திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசிய தையல்காரி, எல்லாரையும் இனி ஊரே பார்க்கும். வளர்ந்த மனிதர்கள் சொந்த வாழ்க்கைக்கு யார் யாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது என்று ஊர் கொஞ்சமாவது யோசிக்கட்டும்.

சந்தோஷத்தில் குதித்தேன். குதித்து முடித்ததும் ஒரு கவலை வந்து ஒட்டிக்கொண்டது. காரணம் நீதான். தையல்காரியின் குரலை அவள் வீட்டில் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று மெஷினில் மாற்றிப் பார்த்தேன், கரடி பேசுகிற மாதிரி இருந்தது. நீ இங்கே பயிற்சிக்கு வந்திருந்தாயே, அன்று உன்னைப் பிடித்து உட்காரவைத்து அவள் பேசியதைத் தாளில் எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். நீயும் ஒரே மூச்சில் வாசித்தாய். நான் அழுதேன், ஒலிப்பதிவுக்காரர்கூட மூக்கைச் சிந்தினார்.

அப்போது உறைக்காதது இப்போது உறைக்கிறது. தினமும் ரயில் நிலையத்தில் ஊரே கேட்கிற குரல் உன்னுடையது. மறைக்கத் தேடிப் பிடித்தேன் பார், ஒரு குரல்! உனக்கு ஏதாவது சங்கடம் வருமா? மறைக்காமல் எழுது.

உன்,
குடைச்சல்

பிப்ரவரி 16

அடியே குடைச்சல்,

பயணிகளின் கனிவான கவனத்திற்கு: உன் கடிதம் பத்திரமாக வந்து சேர்ந்தது. சொன்னபடி வீட்டுக்கு அனுப்பாமல் ஸ்டேஷனுக்கு அனுப்பினாயே, புண்ணியமாய்ப் போகும். போனிலும் கூப்பிட்டுவிடாதே. வீட்டில் என் போன் அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். நான் தொலைத்துவிடுவேனாம். ஒரு தடவை தொலைத்ததும் உண்மைதான்.

டிவியில் படமா! உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது. என்னைப் பற்றிக் கவலைப்படாதே. ஸ்டேஷனில் என் குரலை யார் கேட்கிறார்கள்? எந்த பிளாட்பாரம் என்று மட்டும்தான் கேட்பார்கள். அவரும் தங்கமான மனுஷர். மருந்துக்கடை வைத்திருப்பவருக்குப் பொறுமை கூடவே வந்துவிடும் போல. காலையில் கொண்டுவந்து விடுகிறார், சாயங்காலம் வந்து கூட்டிப் போகிறார். பயிற்சிக்கு வந்தபோதுகூட அன்றைக்கே வந்து நின்றாரே, நாம் ஒரு டீகூடக் குடிக்க முடியவில்லை. பாசம், என்ன செய்ய! போன மாதம் ஸ்டேஷன் மாஸ்டரிடம் அவரே பேசி என் ஷிப்டை மாற்றிவிட்டார். எனக்கே இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். கூட வேலை பார்க்கிறவள், "உனக்குக் குடுத்து வெச்சிருக்குடி" என்கிறாள்.

ஒரே ஒரு விஷயம். கடைசியில் ஓடுகிற பெயர்களில் என் பெயர் இருந்தால் எடுத்துவிடு. இன்னொன்று, சும்மா கேட்கிறேன், இன்னும் நாள் இருக்கிறதே, வேறு யாரையாவது வாசிக்கவைத்து மாற்ற முடியுமா? முடியாவிட்டால் பரவாயில்லை. முடிந்தால் நல்லது. முடிந்தால் ரொம்ப நல்லது.

உன்,
மைக்செட்

பிப்ரவரி 24

மைக்செட்,

"ரொம்ப நல்லது" என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு நான் தூங்கவில்லை.

வேறு குரல் தேடினேன். யார் வாசிப்பதானாலும் முதலில் தையல்காரி சம்மதிக்க வேண்டும். அதற்காகவே அவள் வேலை செய்யும் இடத்துக்குத் துணி தைக்கக் கொடுக்கிற சாக்கில் போனேன். பின்கட்டில், துணி மூட்டைகளுக்கு நடுவே, ஹெட்போனை மாட்டிவிட்டு உன் குரலைப் போட்டுக் காட்டினேன். கேட்டு முடிக்கும்வரை கையில் இருந்த ஊசியை அவள் கீழே வைக்கவில்லை. அப்புறம், "இந்த அக்காவையே பேச விடுங்க, என்னைவிட நல்லா பேசறாங்க" என்றாள். நான் கிளம்பும்போது கூப்பிட்டு, "ஆனா அந்தக் குழாய் விஷயம் நான் சொல்லலியே?" என்றாள்.

வீட்டுக்கு வந்து, நீ வாசித்த தாள்களை எடுத்துத் தேடினேன். போனுக்கு அவள் புருஷன் வைத்த பூட்டு இருக்கிறது. அம்மா வீட்டுக்குப் போக ஆபீசில் லீவு கேட்பது மாதிரி கேட்க வேண்டும் என்பது இருக்கிறது. "ஒரு நாள்கூட அடிச்சதில்லைங்க, அதனால யாருகிட்ட போய் என்னன்னு சொல்றது" என்பது இருக்கிறது. இது மட்டும் இல்லை:

"பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டுத்தான் எனக்குப் பிடிச்ச மாதிரி நாலு வார்த்தை பேசுவேன். தண்ணி ஓடுற வரைக்கும்தான் அது என் வீடு."

படத்தின் உயிரே இந்த வரிதான் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் காதால் கேட்டே வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன், தாளைப் பார்க்கவே இல்லை. மைக்செட், அந்த வரி யாருடையது?

குடைச்சல்

மார்ச் 1

குடைச்சலுக்கு,

பேர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். என்ன கேள்வி இது? வாசிக்கிற வேகத்தில் ஏதோ வாயில் வந்திருக்கும். நான் தினமும் வாயால் பிழைக்கிறவள். வண்டி தாமதம் என்றால் தாளில் இல்லாத சமாதானம் இரண்டு சேர்த்துச் சொல்லத்தான் செய்கிறேன். அதற்கெல்லாம் ஆள் தேடுவாயா?

அந்த வரியை வெட்டு. குரலை மாற்ற வேண்டாம், படத்தை நிறுத்த வேண்டாம், அந்த ஒன்றை மட்டும் வெட்டிவிடு. "படத்தோட உயிரு" என்று ஆரம்பிக்காதே. உன் படத்தில் பெரியவருக்கு உரிமை இருக்கிறது, விடுதிப் பெண்ணுக்கு உரிமை இருக்கிறது, என் வாயிலிருந்து தவறி விழுந்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ள எனக்கு மட்டும் உரிமை இல்லையா?

கோபித்துக்கொள்ளாதே. எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்று மட்டும் கேட்காதே.

மைக்செட்

மார்ச் 6

என் கண்ணே,

கேட்கவில்லை. வெட்டிவிட்டேன்.

புதுப் பிரதியை நானே எடுத்துக்கொண்டு போய் சேனலில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். "பழசை அழிச்சிடுங்க" என்று அங்கே இருந்த பையனிடம் இரண்டு முறை சொன்னேன். "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்றான். உன் பெயரும் எங்கேயும் வராது. ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகப் படம் பார். இல்லை, பார்க்காதே. வேறு ஏதாவது போட்டுப் பார்.

உன்னிடம் உண்மை கேட்க எனக்கு அருகதை இல்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் ஒன்று. நான் இங்கே தனியாகத்தான் இருக்கிறேன், இரண்டு அறை இருக்கிறது.

உன்,
குடைச்சல்

மார்ச் 16

நீ வெட்டவில்லை.

படம் ஓடுகிற நேரத்தில் நான் அடுப்படியில் இருந்தேன். அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தங்கை போன் பண்ணினாள். பாவம், அவளுக்கு ஒரே குஷி. "அண்ணி, டிவில உங்க குரல்! சேனலை மாத்துங்க, சீக்கிரம்!" என் போனை அவர் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது. அவர் மாற்றினார். முதல் இரண்டு வார்த்தையிலேயே என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கரண்டியோடு நின்றேன். குழாய் வரியும் வந்தது, குடைச்சல். ஒரு எழுத்துக் குறையாமல் வந்தது.

அவர் கத்தவில்லை. டிவியை அணைத்தார். எழுந்து போய் பாத்ரூம் குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்தார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

பிறகு நிதானமாகச் சொன்னார்: "இது உன் கதை இல்லன்னு நீ சொன்னா நான் நம்பறேன். ஆனா யார் கதைன்னு உன் ஃபிரண்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். பேரு, ஊரு எல்லாம் இருக்கணும். நானே போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன். அதுவரைக்கும் நீ வேலைக்குப் போக வேணாம்."

ஸ்டேஷன் மாஸ்டர் ஆளில்லை என்று கெஞ்சியதால், இந்த வாரம் மட்டும் போ என்று அவர் இன்றைக்கும் கூட்டிவந்து விட்டார். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

எழுதிக் கொடுத்துவிடு. அவள் பேரை எழுது. மாட்டேன் என்றால் ஏதாவது ஒரு பேரை எழுது. எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. சீக்கிரம்.

மார்ச் 19

மைக்செட்,

சேனலில் பழைய பிரதியைப் போட்டுவிட்டார்கள். பையன் தலையைச் சொறிகிறான், அவன் மேலதிகாரி "வருந்துகிறோம்" என்கிறார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உரிமையைப் பற்றி மூன்று வருஷம் படம் எடுத்தவளுக்கு ஒருத்தி கேட்ட ஒரு வரியை வெட்டித் தரத் துப்பில்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

தையல்காரியின் பேரை எழுத மாட்டேன். உனக்காகக்கூட எழுத மாட்டேன், இதற்கு நீ என்னை வெறுத்தாலும் சரி. அவள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். உன் வீட்டுக்காரர் போய் "ஒரு வார்த்தை" கேட்டால் அன்றைக்கே அவள் கதை முடிந்தது. பொய்ப் பேர் எழுதினாலும் அந்தப் பேரில் எங்கேயோ ஒருத்தி இருப்பாள்.

இத்துடன் தனித் தாளில் ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். படத்தில் வருவது வேறொரு பெண்ணின் வாழ்க்கை, என் தோழி குரலை மட்டும் இரவல் கொடுத்தாள், பேரை வெளியிட எனக்கு அனுமதி இல்லை என்று. "ஒரு வரியைத் தவிர" என்று எழுதப் பேனா போனது, நிறுத்திக்கொண்டேன். கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம். வா என்று ஒரு வார்த்தை எழுது, அடுத்த வண்டியில் ஏறுகிறேன். வாசலில் நின்று வசவு வாங்கிக்கொள்ளவும் தயார்.

குடைச்சல்

மார்ச் 29

என் குடைச்சலுக்கு,

இத்தனை நாள் பதில் போடாமல் உன்னைத் தவிக்கவிட்டதற்குத் திட்டு. நேரில் திட்டு. கோபத்தால் இல்லை, எழுத உட்காரும்போதெல்லாம் யாரோ பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது.

நீ அனுப்பிய தாளோடு வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனேன். கொடுத்துவிட வேண்டும் என்றுதான் போனேன், அதை மறைக்க மாட்டேன். சாப்பாட்டு மேசையில் கையை நீட்டினார். "வந்துடுச்சா?" "வந்துச்சு." "குடு." அந்தக் கையைப் பார்த்தேன். போனைக் கொடு, சம்பளச் சீட்டைக் கொடு, பையைக் கொடு, எல்லாவற்றுக்கும் இதே கைதான் நீளும். இந்தத் தாளையும் படித்துவிட்டு, பேரில்லையே என்று அவர் கிளம்புவார். கிளம்பினால் கண்டுபிடிக்காமல் விடமாட்டார். எனக்குத் தெரியும்.

"குடுக்க ஒண்ணுமில்ல. பேசினது நான்தான்" என்றேன்.

"எதை?"

"எல்லாத்தையும்."

ஒரு வரி மட்டும் என்னுடையது என்றால் மீதி யாருடையது என்று கேட்பாரே? அதனால் மொத்தத்தையும் என் தலையில் போட்டுக்கொண்டேன். பொய் சொன்னேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் ஆச்சரியம். "நான் உன்னை ஒரு நாளாவது அடிச்சிருக்கேனா?" என்றார். "இல்ல. அதையும்தான் சொல்லியிருக்கேனே" என்றேன். அப்போதுதான், இருபது வருஷத்தில் முதல்முறையாக, நீட்டிய கையை வெறுங்கையாகவே மடக்கிக்கொண்டார். நான் ஒரு பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஸ்டேஷனில் பெண்கள் ஓய்வறையில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நீ வர வேண்டாம், இப்போது வேண்டாம். நீ வந்தால் உன் பின்னால் ஒளிந்துகொள்வேன். வீரம் ஒன்றும் இல்லை, அடுத்த நாள் மூன்றாவது பிளாட்பாரம் என்பதற்கு ஒன்று என்று சொல்லி, பாதி ஊரைப் படியேறி ஓடவைத்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால், "லீவு வேணுமாம்மா?" என்று என்னிடம்தான் கேட்டார். என்னிடம்!

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். தையல்காரியைப் போய்ப் பார். அவள் சரி என்றால், மறுபடி படம் போடும்போது "பெயர் சொல்ல விரும்பாதவர்" என்று அடியில் வருகிறதே, அங்கே என் பேரைப் போடு. இந்தப் பட்டப்பேரை இல்லை, என் முழுப் பேரை. அவளை இனி யாரும் தேட வேண்டாம். அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடு, அவளைக் குடையாதே.

அவர் தினமும் வருகிறார். கடையைப் பூட்டிவிட்டு வந்து, அறிவிப்பு அறைக்கு நேர் எதிரே, ஒலிபெருக்கிக்குக் கீழே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார். பேசுவதில்லை, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நான் பேசப் பேச அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும், அந்த பெஞ்சில் வேறு வழியில்லை. இப்போதும் உட்கார்ந்திருக்கிறார். வண்டி சிக்னலுக்கு வந்துவிட்டது, நான் மைக்கைப் போட வேண்டும்.

உன்,
மைக்செட்